அவசரம்: புது டிவிடி பிளேயர், படம் கறுப்பு வெள்ளையா வருது

உட்லண்ட்ஸ்_பையன் · சனி, மாலை 4:10
புது பிளேயர் வாங்கி மாட்டியாச்சு. படம் கறுப்பு வெள்ளையாதான் வருது. ஒயர் எல்லாம் கரெக்டா சொருகிட்டேன். மூணு டிஸ்க் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணுல சத்தமே இல்ல. அம்மா ராத்திரி படம் பார்க்கணும்னு இப்பவே கேட்டுட்டு இருக்காங்க. பிளேயர் பழுதா? கடை மூடுறதுக்குள்ள கொண்டுபோய் மாத்தணுமா? சீக்கிரம் சொல்லுங்க.

தோபாயோ_அக்கா · 4:15
தம்பி, எந்த ஒயர்? மூணு கலர் ஒயரா, எச்டிஎம்ஐயா? டிவி எத்தனை வருஷத்து டிவி? சத்தம் வராத டிஸ்க் எது, கடையில வாங்கின படமா, யாராவது எழுதிக் கொடுத்ததா? இதெல்லாம் சொல்லாம "கரெக்டா சொருகிட்டேன்"னா நாங்க எதைப் பிடிச்சுப் பேசுறது?

மண்டலம்3 · 4:19
ரீஜன் பிரச்சினை. வேற ஒண்ணும் இல்ல. ரீஜன்னா எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயர்ல ஓடணும்னு வச்சிருக்கிற மண்டல எண். சிங்கப்பூர் டிவிடிக்கு ரீஜன் 3, இந்தியாவுக்கு 5. அம்மா வச்சிருக்கிறது சென்னையில வாங்கின டிஸ்க்கா இருக்கும். பிளேயரை மல்டி ரீஜன் ஆக்குங்க. தட்டைத் திறந்து வச்சுட்டு ரிமோட்ல மாடலுக்கு ஏத்த எண்ணை அழுத்தினா ஒளிஞ்சிருக்கிற மெனு வரும், அதுல 0 வைங்க. மாடல் என்னன்னு சொல்லுங்க, எண்ணைத் தேடித் தரேன்.

தொழில்நுட்பர் · 4:26
ரீஜன் பொருந்தாவிட்டால் படமே ஓடாது. திரையில் ஓர் எச்சரிக்கை வரி வரும், அவ்வளவுதான். நிறத்துக்கும் ரீஜனுக்கும் தொடர்பு இல்லை என்பதை எத்தனை முறைதான் எழுதுவது? தவிர, இந்தியாவில் அச்சான தமிழ்ப்பட டிஸ்க்குகளில் பல எல்லா ரீஜனிலும் ஓடுபவை. பின்னட்டையில் உலக உருண்டைச் சின்னத்துக்குள் 'ஆல்' என்று இருக்கும்.

கேள்வி கேட்பவருக்கு: டிஸ்க்கை வெளியே எடுங்கள். பிளேயரை மட்டும் ஆன் செய்யுங்கள். அதன் சொந்த லோகோ கலரில் வருகிறதா? வந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். வராவிட்டால் டிஸ்க்கை விட்டுவிட்டு ஒயரையும் டிவியையும் பாருங்கள். இவ்வளவையும் பதிவு போடுவதற்கு முன்பே செய்திருக்கலாம்.

பழையரீல் · 4:31
லோகோ கலரா வந்து படம் மட்டும் கறுப்பு வெள்ளைன்னா அது பால் / என்டிஎஸ்சிங்கிற ரெண்டு டிவி கலர் முறைக்குள்ள தகராறு. நம்ம டிஸ்க் நிறைய என்டிஎஸ்சி. டிவியில கலர் சிஸ்டத்தை யாராவது பால்னு நிறுத்தி வச்சிருந்தா என்டிஎஸ்சி டிஸ்க்ல நிறம் போயிடும். டிவியில 'ஆட்டோ', பிளேயர் செட்டப்ல டிவி டைப் 'மல்டி' இல்லன்னா 'ஆட்டோ'. ரெண்டு பக்கமும் மாத்தணும்.

லென்ஸ்காரன் · 4:34
சத்தம் வராத டிஸ்க் வேற இருக்கா? லென்ஸ்ல தூசி. கிளீனிங் டிஸ்க் ஒண்ணு போட்டு ஓட்டுங்க.

தோபாயோ_அக்கா · 4:36
புது பிளேயர்னு முதல் வரியிலயே எழுதியிருக்காரே, படிக்கலையா? லென்ஸ் கெட்டா படம் நின்னு நின்னு ஓடும், கட்டம் கட்டமா உடையும், "நோ டிஸ்க்"னு காட்டும். கறுப்பு வெள்ளையா எல்லாம் காட்டாது.

உட்லண்ட்ஸ்_பையன் · 4:43
லோகோவும் கறுப்பு வெள்ளைதான். பெட்டிக்குள்ள இருந்த மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர்தான் போட்டேன். டிவில மஞ்சள் ஓட்டையே இல்ல, பச்சைல சொருகினேன். இப்பதான் கவனிச்சேன், இடது ஸ்பீக்கர்ல மட்டும் சத்தம் வருது. டிவி 6 வருஷம் இருக்கும்.

தொழில்நுட்பர் · 4:52
மஞ்சள் இல்லாத இடத்தில் பச்சையில் சொருகியதற்குத்தான் 'கரெக்டா சொருகிட்டேன்' என்று பெயர் போலும்.

உங்கள் டிவியின் பின்னால் வரிசையாக ஐந்து ஓட்டைகள் இருக்க வேண்டும்: பச்சை, நீலம், சிவப்பு, பிறகு வெள்ளை, மறுபடியும் சிவப்பு. முதல் மூன்றும் படத்துக்கு, கடைசி இரண்டும் ஒலிக்கு. சிவப்பு இரண்டு இருப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நீங்கள் ஒலியின் சிவப்பு முனையைப் படத்தின் சிவப்பில் சொருகியிருக்கிறீர்கள். அதனால்தான் வலது பக்கச் சத்தம் காணோம்.

பச்சையில் மஞ்சளைச் சொருகியது தவறில்லை. பச்சை ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையமோ, பக்கத்தில் 'வீடியோ' என்ற எழுத்தோ இருந்தால் அது இரண்டுக்கும் பொது. ஆனால் டிவி இப்போது அதைக் காம்பொனென்ட், அதாவது படத்தை மூன்று ஒயரில் பிரித்துக் கொண்டுவரும் இணைப்பு, என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. காம்பொனென்டில் பச்சை ஒயர் வெளிச்சத்தை மட்டும் கொண்டுவரும், நிறம் நீலத்திலும் சிவப்பிலும் வரும். மஞ்சள் ஒயரிலோ வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. அதை வெறும் வெளிச்சமாகவே படித்தால் கறுப்பு வெள்ளை. திரைக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். பட்டுப்புடவை போல நிறம் அழுத்தமான இடங்களில் நுண்புள்ளிகள் வலை மாதிரி ஓடும். தொலைந்துபோன நிறம் அதுதான்.

செய்ய வேண்டியது: ஒலியின் சிவப்பைக் கடைசிச் சிவப்புக்கு மாற்றுங்கள். ரிமோட்டில் சோர்ஸ் அழுத்தி 'காம்பொனென்ட்' அல்ல, 'ஏவி' தேர்ந்தெடுங்கள்.

தோபாயோ_அக்கா · 4:58
ஐயா சொன்னது சரி. ஆனா அதோட நிறுத்தாதீங்க தம்பி. பிளேயர் பின்னாடி எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கான்னு பாருங்க. மலிவு பிளேயர்ல ஓட்டை இருக்கும், பெட்டிக்குள்ள ஒயர் மட்டும் இருக்காது. இருந்துச்சுன்னா மூணு கலர் ஒயரைக் கழட்டி வச்சுடுங்க. எச்டிஎம்ஐல படமும் சத்தமும் ஒரே ஒயர்ல வந்துடும், ரெண்டு சிவப்புக் குழப்பமும் இல்ல.

ஒயருக்குப் பத்து வெள்ளிக்கு மேல கொடுக்காதீங்க. தங்கமுலாம், 8கே எல்லாம் டிவிடிக்கு எதுக்கு லா? டிஸ்க்ல இருக்கிறதே பால்னா 720க்கு 576, என்டிஎஸ்சின்னா 720க்கு 480. சிம் லிம் டவர் வரைக்கும் போக வேணாம், உங்க புளோக் கீழ இருக்கிற வீட்டுச்சாமான் கடையிலயே தொங்கும். ஒன்றரை மீட்டர் போதும்.

மாட்டினதும் திரை கறுப்பா இருந்தா பயப்படாதீங்க. ரிமோட்ல 'எச்டிஎம்ஐ' இல்ல 'வி-மோட்'னு ஒரு பட்டன் இருக்கும். ஒரு தடவை அழுத்தி அஞ்சு செகண்ட் விடுங்க, வரலைன்னா திரும்ப அழுத்துங்க. 480, 576, 720, 1080னு மாறிட்டே போகும். டிவி பிடிக்கிற இடத்துல நிறுத்திக்கலாம்.

மண்டலம்3 · 5:03
ஆனாலும் ரீஜனைப் பார்த்து வைக்கிறது நல்லது. அடுத்த தடவை யாராவது ஊர்ல இருந்து வரும்போது அங்கயே ஒரு பிளேயர் வாங்கிட்டு வரச் சொல்லிடலாம். டிஸ்க் ஊர் டிஸ்க்தானே.

பழையரீல் · 5:06
அந்த யோசனை வேணாம். அது ரீஜன் 5 பிளேயரா இருந்தா இங்க வாங்குற ரீஜன் 3 டிஸ்க் ஓடாது. பிளக்கும் உருண்டைக் கம்பி, நம்ம சுவர்ல சதுரக் கம்பி, அடாப்டர் தேடணும். புளூரேன்னா இன்னும் மோசம்: சிங்கப்பூர் ஏ, இந்தியா சி. இங்கயே மல்டி ரீஜன்னு அட்டையில போட்டதை வாங்குறதுதான் புத்தி. இன்னொண்ணு, பழைய விசிடி வீட்ல இருந்தா புளூரே பிளேயர் வாங்கும் முன்னாடி அட்டையில விசிடி ஓடும்னு இருக்கான்னு பாருங்க. பல மாடல்ல ஓடாது. அந்த விஷயத்துல சாதா டிவிடி பிளேயர்தான் கெட்டிக்காரன்.

உட்லண்ட்ஸ்_பையன் · 5:47
எச்டிஎம்ஐ ஒயர் வாங்கிட்டு வந்தேன். கலர் வந்துருச்சு!! ஆனா அந்த ஒரு டிஸ்க்ல இன்னும் சத்தம் இல்ல. மத்த ரெண்டுலயும் நல்லா கேட்குது.

லென்ஸ்காரன் · 5:50
அந்த டிஸ்க்ல பூஞ்சை இருக்கும். நம்ம ஊர் ஈரத்துக்கு பிளாஸ்டிக் உறையில வருஷக்கணக்கா வச்சா வட்டுல வெள்ளையா பூக்கும். வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, மெல்லிய துணி. நடுவுல இருந்து விளிம்புக்கு நேரா துடைங்க, வட்டமா துடைக்காதீங்க. வட்டமா விழுற கீறல் டேட்டா ஓடுற பாதையிலேயே நீளமா விழும், பிளேயரால சமாளிக்க முடியாது. தின்னர் பக்கம் போகவே கூடாது, பிளாஸ்டிக் வெளுத்துடும்.

தோபாயோ_அக்கா · 5:53
துடைக்கிற முறை சரியாச் சொன்னீங்க. ஆனா பூஞ்சைன்னா படமும்தானே திக்கும்? படம் தண்ணி மாதிரி ஓடி சத்தம் மட்டும் இல்லைன்னா அது டிடிஎஸ்ங்கிற ஒலிப்பதிவு முறையால. தம்பி, அட்டையில 'டிடிஎஸ்'னு போட்டிருக்கா?

உட்லண்ட்ஸ்_பையன் · 5:55
ஆமா பெருசா போட்டிருக்கு. அது நல்லதுதானே?

தொழில்நுட்பர் · 6:04
நல்லதுதான், அதைப் பிரித்துப் படிக்கும் கருவி வீட்டில் இருந்தால். மலிவான டிவிடி பிளேயர்கள் பலவற்றில் டால்பி என்ற இன்னொரு ஒலி முறையைப் பிரிக்கும் வசதி உண்டு, டிடிஎஸ்ஸைப் பிரிக்கும் வசதி இல்லை. பிரிக்காமல் அப்படியே எச்டிஎம்ஐ வழியே டிவிக்குத் தள்ளிவிடும். டிவிக்கும் தெரியாவிட்டால் மௌனம்தான். சாம்சுங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. மூன்று கலர் ஒயரில் கேட்காத ஒலி எச்டிஎம்ஐயிலும் கேட்காததற்குக் காரணம் இதுவே.

ரிமோட்டில் 'ஆடியோ' பட்டன். படம் ஓடும்போது அழுத்துங்கள். திரை மேல்மூலையில் 1/2, 2/2 என்று மாறும். டால்பி என்று காட்டும் தடத்தில் நிறுத்துங்கள். பிறகு செட்டப்பில் டிஜிட்டல் ஆடியோவை 'ரா' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' (பிரிக்காமல் அனுப்புவது) என்பதிலிருந்து 'பிசிஎம்' (பிளேயரே பிரித்து அனுப்புவது) ஆக்குங்கள். பிசிஎம் மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் எழுதுவார்கள். பிளேயருக்கே டிடிஎஸ் தெரியாதபோது அது எதை மாற்றிக் கொடுக்கும்? தடத்தை மாற்றுவதுதான் மருந்து.

தோபாயோ_அக்கா · 6:07
இதோட இன்னொண்ணு. டால்பி 5.1 தடத்துல பேச்சு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரியும் பாட்டு மட்டும் காதைக் கிழிக்கிற மாதிரியும் இருந்தா, பிளேயர்ல 'டவுன்மிக்ஸ்'னு இருக்கும், 'ஸ்டீரியோ' வைங்க. பேச்சு நடு ஸ்பீக்கருக்குன்னு பதிவாயிருக்கும், அதை ரெண்டு பக்கமும் பிரிச்சுக் கொடுத்தாத்தான் பெரியவங்களுக்கு வசனம் புரியும்.

ஒலிப்பித்தன் · 6:15
சத்தம் வருதா இல்லையாங்கிறதோட எல்லாரும் நின்னுட்டீங்க. டிவிடியில பழைய பாட்டு ஸ்ருதி ஏறிக் கேட்கும், அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. சினிமா செகண்டுக்கு 24 பிரேம். பால் டிஸ்க்ல 25 ஆக ஓட்டுறான். 4 சதவீதம் வேகம். ஒரு கட்டையில பாடினது ஒன்றரைக் கட்டைக்குப் பக்கத்துல போயிடும்.

பழையரீல் · 6:21
பால் டிஸ்க்குக்கு அது உண்மை, மறுக்கல. இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிஷம் முன்னாடியே முடிஞ்சுடும். ஆனா நம்ம டிஸ்க் நிறைய என்டிஎஸ்சின்னு மேலயே எழுதினேன். அதுல வேகத்தைக் கூட்டுறதில்ல. ஒரு பிரேமை ரெண்டு தடவை, அடுத்ததை மூணு தடவைன்னு காட்டி என்டிஎஸ்சியோட செகண்டுக்கு 60 தடவைங்கிற கணக்கை நிரப்புறாங்க. ஸ்ருதி அப்படியேதான் இருக்கும். கேமரா பக்கவாட்டுல நகரும்போது மட்டும் படம் லேசாத் தத்தும்.

ஒலிப்பித்தன் · 6:24
என் காதுக்குத் தெரியாதா? ஏறித்தான் கேட்குது.

பழையரீல் · 6:28
காதை விடுங்க, கடிகாரத்தை வைங்க. அதே பாட்டு ஒலிப்பதிவு சிடியில எத்தனை நிமிஷம், டிவிடியில எத்தனை நிமிஷம்? 5 நிமிஷப் பாட்டு 12 செகண்ட் குறைஞ்சா நீங்க ஜெயிச்சீங்க. அப்புறம், படத்துக்குன்னு பாட்டை வெட்டியிருக்கானான்னும் பார்த்துக்குங்க.

ஒலிப்பித்தன் · 6:33
எல்பி ரெக்கார்டோட ஒப்பிட்டாத்தான் நியாயம். சிடிக்கு மாத்தும்போதே வேகத்துல கோட்டை விட்டிருப்பான்.

பழையரீல் · 6:35
ரெக்கார்ட் பிளேயர் பெல்ட் தளர்ந்தா அதுவும் வேகம் மாறும் சார். அப்புறம் எதை வச்சு அளக்கிறது?

தோபாயோ_அக்கா · 6:38
ரெண்டு பேரும் தனி இழை திறந்து பாடுங்க. அந்தப் பையன் அம்மாவுக்குப் படம் போடணும்.

தொழில்நுட்பர் · 6:44
கேட்டவர் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். பிளேயர் செட்டப்பில் டிவி வடிவம் 16:9 இருக்கட்டும். 4:3 என்று விட்டுவைத்தால் முகங்கள் தட்டையாகப் பரந்து தெரியும். பழைய தமிழ் டிஸ்க்குகள் சிலவற்றில் அகலப் படத்தை 4:3 சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோடு பதிந்திருப்பார்கள். அகல டிவியில் அவற்றுக்கு நான்கு பக்கமும் கறுப்பு வரும். அப்போது டிவி ரிமோட்டில் 'ஜூம்' அழுத்துங்கள். 'வைட்' வேண்டாம், அது இழுத்துவிடும்.

உட்லண்ட்ஸ்_பையன் · இரவு 8:02
வந்துருச்சு. படம் ஓடுது. நன்றி எல்லாருக்கும்.

மண்டலம்3 · 8:10
எது சரி பண்ணுச்சு? ஆடியோ பட்டனா, பிசிஎம்மா? மாடல் நம்பரும் சொல்லிட்டுப் போங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

மண்டலம்3 · ஞாயிறு, காலை 11:30
தம்பி?

உட்லண்ட்ஸ்_பையன் · திங்கள், இரவு 9:17
ஆடியோ பட்டன்தான். ஆனா இன்னிக்கு அம்மா அதே டிஸ்க்கைப் போட்டா மறுபடியும் சத்தம் இல்ல, எனக்கு வேலையிடத்துக்கு போன் வருது.

தோபாயோ_அக்கா · 9:25
டிஸ்க்கை வெளிய எடுத்துட்டுப் போட்டா பழையபடி அதோட முதல் தடத்துக்கே போயிடும், டிடிஎஸ்தான் முதல்ல இருக்கும் போல. ரிமோட்ல அந்தப் பட்டன் மேல சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக் கொடுங்க. டிஸ்க் அட்டையிலயும் அதே சிவப்பு டேப். சிவப்பு டிஸ்க்னா சிவப்புப் பட்டன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.