விழித்திரை ரத்தக்குழாய் அடைப்பு: மூணு வாரம் ஆச்சு, பார்வை திரும்புமா?

கோத்தகிரி மகன்:
அப்பாவுக்கு 64 வயது. சுகர், பிரஷர் உண்டு. மூணு வாரம் முன்னாடி காலையில் வலது கண் திடீர்னு இருண்டுடுச்சு, வலி இல்லை. மறுநாள்தான் கோயம்புத்தூர் போனோம். ரிப்போர்ட்டில் சிஆர்ஏஓ. கை அசைவது மட்டும் தெரியுது. இனி கூடுமா? கண் கோளாறு உள்ளவங்க மலையேறக் கூடாதுன்னு சொந்தக்காரங்க சொன்னதால் மேட்டுப்பாளையத்தில் தங்க வைச்சிருக்கோம்.

கேத்தி ஆப்டோமெட்ரிஸ்ட்:
சிஆர்ஏஓ என்றால் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் மையத் தமனியே அடைத்திருக்கிறது. ரத்தம் நின்ற சில மணி நேரத்தில் விழித்திரையின் உள்ளடுக்கு செல்கள் செத்துவிடும். பிறகு குழாய் தானாகத் திறந்தாலும் அவை திரும்பாது. கூடுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். இனி பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஸ்கேனில் 'வீக்கம் வடிந்தது' என்று வந்தால் ஏமாறாதீர்கள், விழித்திரை மெலிகிறது என்றுதான் அர்த்தம். கண்ணில் ஊசி போட்டுச் சரியானது என்று யாராவது சொன்னால், அது அநேகமாகச் சிரை அடைப்பாக இருக்கும். அது வேறு நோய்.

மலையேறத் தடை, விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் கேஸ் நிரப்பியவர்களுக்கு. மேலே போகப் போக கேஸ் விரிந்து கண் அழுத்தம் எகிறும். அப்பாவுக்கு அது இல்லை, தாராளமாக வீட்டுக்கு அழைத்து வரலாம்.

ஆனால் செக்கப்பை விடாதீர்கள். முதல் மூன்று நான்கு மாதத்தில் கருவிழிப் படலத்தில் புது ரத்தக்குழாய் முளைக்கலாம். விட்டால் கண் அழுத்தம் ஏறி, சிவந்து, தாங்க முடியாத வலி வரும். முளைத்தால் லேசர் செய்வார்கள். கண் பாப்பா விரிய மருந்து விடுவதற்கு முன்பே அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், விரிந்த பிறகு நுண்ணிய குழாய் கண்ணுக்குத் தப்பிவிடும்.

குன்னூர் நர்ஸ்:
கண்ணை விட அவசரம் மூளையும் இதயமும். இது கண்ணில் வந்த பக்கவாதம்தான், முதல் சில வாரங்களில் அடுத்த அடைப்பு மூளைக்குப் போகும் ஆபத்து அதிகம். கழுத்து டாப்ளர் (கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன்), ஈசிஜி, எக்கோ எடுத்தாச்சா? துடிப்பு ஒழுங்கில்லை என்று சந்தேகம் வந்தால் ஹோல்டர், அதாவது இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி. மெல்லும்போது தாடை வலி, பொட்டில் வலி, தலை சீவினால் வலி இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், அது தமனி அழற்சியாக இருக்கலாம். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். தாமதித்தால் மற்ற கண்ணும் போகலாம்.

கோத்தகிரி மகன்:
எக்கோ மட்டும்தான் எடுத்தாங்க அக்கா. தாடை வலி இல்லை. மறுபடி கண் இருண்டால்?

குன்னூர் நர்ஸ்:
அப்போ கழுத்து டாப்ளரை இந்த வாரமே முடிங்க. மறுபடி இருண்டால், அஞ்சு நிமிஷத்தில் தெளிந்தாலும் சரி, கண் கிளினிக் திறக்கக் காத்திராதீங்க. 108-ஐக் கூப்பிட்டு, பக்கவாத சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கே போங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை யோசிப்பதே நாலரை மணி நேரத்துக்குள்தான், அதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. மலை இறங்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். கண்ணை அழுத்தி மசாஜ் செய்து நேரத்தைக் கடத்தாதீங்க, அதில் பலன் நிரூபணமாகலை.