புதுப்பிப்பு: ஹட்டனில் அடைக்கோழிகள் செத்தது ஏன் என்று தெரிந்தது

கொண்டை வெளுத்து, அடையில் இருந்தபடியே கோழிகள் சாகின்றன, உடம்பில் பேனும் இல்லை, என்ன காரணம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

"பகலில் தேடாதீங்க, இரவில் டோர்ச் அடிச்சுப் பாருங்க" என்ற பண்டாரவளை அக்காவின் யோசனைதான் சரி. கோழிகள் ஏறித் தூங்கும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியெல்லாம் இரத்தக் கோடு. செவ்வுண்ணி! பகலில் பலகை வெடிப்பில் ஒளிந்துகிடந்து, இருட்டியதும் வந்து இரத்தம் குடிக்கும். அடைக்கோழி முட்டையை விட்டு எழும்பாது, அதனால் அதற்குத்தான் முதல் அடி.

கம்புகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றினேன். பழைய வைக்கோலை எரித்தாயிற்று. அப்புறம் மிருக வைத்தியர் தந்த பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை வெடிப்புகளுக்குள் அடித்தேன். உண்ணியின் முட்டைக்குள் மருந்து ஏறாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடித்தேன். கூட்டைச் சும்மா காலியாக விட்டுப் பயனில்லை, இது மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைக்கும். சாம்பல் குளியல் கோழிக்குப் பிடித்திருந்தது, ஆனால் வெடிப்புக்குள் இருப்பதை அது என்ன செய்யும்?

எதிர்பாராதது ஒன்று: கூடவே குஞ்சுகளும் செத்தன, ஆனால் அதற்கு உண்ணி காரணமில்லை. எச்சத்தில் இரத்தம் இருந்தது. செத்த குஞ்சைக் கொண்டுபோய்க் காட்டியதில் கொக்சிடியோசிஸ் என்றார்கள், அது குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய். மழைச் சாரலில் கீழே போட்ட மரத்தூள் ஈரமாகவே கிடந்திருக்கிறது. தண்ணீரில் அந்த நோய்க்கான அம்ப்ரோலியம் மருந்தைக் கலந்து கொடுத்து, காய்ந்த தூள் மாற்றியதும் சாவு நின்றது.

மருந்து அடித்தபின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.