பேட்லாண்ட்ஸில் டைனோசர் எலும்பு தேடுபவர்களைப் படம் பிடிக்கப் போகிறேன், எதுவுமே கிடைக்காவிட்டால்?

ஒளிச்சிதறல்:
வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பேட்லாண்ட்ஸ் எனப்படும் அரித்துப்போன மொட்டைக் குன்றுகள் நிறைந்த ஹெல் கிரீக் பாறைப் பகுதியில் டைனோசர் புதைபடிவம் தேடும் ஒரு குழுவோடு பத்து நாள் தங்கி ஆவணப்படம் எடுக்க வாய்ப்பு வந்திருக்கிறது. கேமராவுக்கு நான், ஒலிக்கு ஒருவர், அவ்வளவுதான். பத்து நாளும் வெயிலில் நடந்து ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டால் படத்தில் என்ன மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது. தயாரிப்பாளரோ, ஏற்கெனவே தோண்டிய எலும்பை மண் போட்டு மூடிவிட்டு அப்போதுதான் கண்டது போல எடுத்துவிடு என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் படமெடுத்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மேட்டுநிலம்:
மூடி எடுக்கவே எடுக்காதீர்கள். எலும்பு எந்த அடுக்கில், எப்படிக் கிடந்தது என்பதுதான் அவர்களுக்கு எலும்பைவிடப் பெரிய தகவல், அதைக் கலைத்து நடிக்கச் சொன்னால் அந்தக் குழு அதோடு உங்களை நம்பாது.

தேடலே நல்ல கதைதான். அவர்கள் கண்ட இடத்தில் தோண்டுவதில்லை, தலையைக் குனிந்துகொண்டு மணிக்கணக்கில் நடப்பார்கள். சரிவின் அடியில் உதிர்ந்து கிடக்கும் எலும்புச் சில்லுகளை 'ஃபுளோட்' என்பார்கள். அதைக் கண்டால் மேல்நோக்கி ஒவ்வொரு சில்லாகத் தொடர்ந்து போய், எந்த அடுக்கிலிருந்து உதிர்கிறது என்று பார்ப்பார்கள். பல தடவை மேலே ஒன்றும் இருக்காது, எல்லாம் எப்போதோ கரைந்து போயிருக்கும். 1990 ஆகஸ்டில் தெற்கு டகோட்டாவில் சூ ஹெண்ட்ரிக்சன், குழுவில் மற்றவர்கள் பஞ்சரான டயரைச் சரிசெய்யப் போன நேரத்தில் தனியாக நடந்து, பாறைச் சுவரின் அடியில் சில துண்டுகளைப் பார்த்து நிமிர்ந்தபோது, மேலே முதுகெலும்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. இன்று சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் டி. ரெக்ஸ் டைனோசர் அதுதான். அதனால் குனிந்த முகம், நிற்கும் கால், திரும்பும் தலை என்று எடுத்துக்கொண்டே இருங்கள். கேமராவை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில்தான் யாராவது கூப்பிடுவார்கள்.

சாக்கும்பிளாஸ்டரும்:
நான் தோண்டும் பக்கத்து ஆள், அதனால் ஒரு வேண்டுகோள். இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கூட்டரசு நிலத்தில் முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவத்தை அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது, கிடைத்த இடத்தின் விவரத்தை ரகசியமாக வைப்பதற்கு 2009-ல் வந்த புதைபடிவப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடமுண்டு. திருடர்கள் உண்மையிலேயே வருகிறார்கள். ஜி.பி.எஸ். பதிவை அணையுங்கள், அப்புறம் அடையாளம் தெரியும் குன்றின் வடிவம் பின்னணியில் விழாமல் பாருங்கள். ட்ரோன் காட்சி என்றால் குழுத்தலைவர் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

அவர்கள் காலடி வைத்த இடத்திலேயே நீங்களும் வையுங்கள். நல்ல கோணத்துக்காக நான்கு அடி தள்ளி நின்று, ஃபுளோட்டையே மிதித்து நொறுக்கிய கேமராக்காரரை நேரில் பார்த்திருக்கிறேன், இன்னும் மனசு ஆறவில்லை.

மேட்டுநிலம்:
ஆமாம், இதை நான் சொல்ல மறந்துவிட்டேன். வெளிச்சத்துக்கு, காலையும் மாலையும் சாய்ந்த வெயிலில் எலும்பின் நுண்துளைகள் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் எல்லாமே ஒரே சாம்பல் நிறம்தான். சில்லு கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், துளைகள் இருப்பதால் எலும்பு ஒட்டிக்கொள்ளும். அந்த முகத்தை நெருக்கத்தில் எடுங்கள். காற்று ஓயவே ஓயாது, காலர் மைக்குக்கு ரோமக் கவசம் இல்லாமல் ஒலியை நம்பாதீர்கள்.

ஒளிச்சிதறல்:
மிக்க நன்றி. மூடி எடுக்க முடியாது என்று தயாரிப்பாளரிடம் இன்றே சொல்லிவிட்டேன். மழை வந்தால் அந்த நாள் வீண்தானா?

சாக்கும்பிளாஸ்டரும்:
அன்றைக்கு வீண்தான். எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த பென்டோனைட் களிமண் நீரை உறிஞ்சி உப்பிவிடும், வண்டியும் நகராது, நின்றாலும் வழுக்கும். ஆனால் காய்ந்ததும் முதல் ஆளாகக் கிளம்புங்கள், கழுவிப் போன சரிவில் நேற்றுவரை இல்லாத சில்லு இன்று வெளியே கிடக்கும். போன வருடம் நடந்து தேடிய சரிவுக்கே திரும்பத் திரும்பப் போவது அதனால்தான்.