ஒருத்தர் முடிஞ்சு ஒருத்தரா, ஒரே சமயத்துலயா: ரிஸ்க் மாறுமா?

தூங்காமூஞ்சி: மொத்தமே ரெண்டு பார்ட்னர்தான்னு வைங்க, ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணுன்னாலும் ஒரே சமயத்துலன்னாலும் எச்ஐவி ரிஸ்க் ஒண்ணுதானே? எண்ணிக்கை மாறலையே

கடலைமிட்டாய்: இல்ல ப்ரோ. வரிசையா இருந்தா ரெண்டாவது ஆள்கிட்ட வாங்கினது முதல் ஆளுக்கு திரும்பிப் போகாது, ஒரே சமயம்னா ரெண்டு பக்கமும் போகும், அதுவும் தொத்தின முதல் சில வாரம் ரத்தத்துல வைரஸ் எக்கச்சக்கமா இருக்கும், டெஸ்ட்லகூட சிக்காம போகலாம். உங்கள விட உங்க பார்ட்னருக்குத்தான் ரிஸ்க் ஏறுது, இத எவனும் யோசிக்கிறதில்ல

மழைக்கோழி: 80கள் கடைசில உகாண்டால 'ஜீரோ கிரேஸிங்'னு பிரச்சாரமே பண்ணாங்க, வெளிய மேயாதீங்கன்னு 😄 ஆனா ஆப்பிரிக்கால எச்ஐவி அவ்ளோ பரவினதுக்கு ஒரே சமயத்துல பல பார்ட்னர் இருந்ததுதான் மெயின் காரணமான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள பெரிய சண்டை

தூங்காமூஞ்சி: அப்ப நடுவுல கேப் விட்டா போதுமா?

கடலைமிட்டாய்: கிளமிடியாங்கற பால்வினைத் தொற்று மாசக்கணக்குல அறிகுறியே இல்லாம உள்ள இருக்கும், கேப்ப மட்டும் நம்பாதீங்க. காண்டம் போடுங்க, புது ஆளுக்கு முன்னாடி ரெண்டு பேரும் டெஸ்ட் எடுங்க