மறு: செவுள் அழுகல் – வேறு சொல் வேண்டுமா?

> வளர்ப்பு சால்மனுக்கு வரும் இந்த நோயைச் ‘செவுள் அழுகல்’ என்றே எழுதிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக நாம் தமிழ்ப் பெயர் தேடுவது, அமீபா என்ற ஒரு செல் உயிரி செவுளில் ஒட்டுவதால் வரும் amoebic gill disease என்ற நோய்க்கு.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பூஞ்சை தொற்றிச் செவுள் செத்து உதிர்கிற நோய் ஒன்று உண்டு. அழுகல் என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இங்கே செவுள் அழுகுவதில்லை, தடிக்கிறது. அமீபா ஒட்டிய இடத்தில் மேல்தோல் செல்கள் பெருகி, அடுத்தடுத்த செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மேலே வெள்ளையாகச் சீதத் திட்டுகள். மூச்சுக்கான பரப்பு குறைந்து மீன் திணறுகிறது.

‘செவுள் ஒட்டுண்ணி நோய்’ ரொம்ப அகலம். தட்டைப்புழுவும்தான் செவுளில் ஒட்டுகிறது. தவிர, இந்த நோயைத் தரும் அமீபாவான நியோபாரமீபா பெருரான்ஸ் மீனே இல்லாமலும் கடல்நீரில் பிழைத்துக்கொள்ளும், முழு ஒட்டுண்ணி அல்ல.

ஆகவே அமீபா பெயரில் வந்தாக வேண்டும். எந்த அமீபா என்பது வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியப் பண்ணைகளில் 1980களிலேயே கண்ட நோய் இது. பல வருடங்கள் பழி வேறோர் இனத்தின் மேல் இருந்தது, 2007இல்தான் பெருரான்ஸை அடையாளம் கண்டு விவரித்தார்கள்.

சரி, ‘அமீபா செவுள் நோய்’ என்றால்? அமீபாவின் செவுளுக்கு வந்த நோய் என்றல்லவா காதில் விழுகிறது! அதற்கு ஏது செவுள்? ‘அமீபா சீதபேதி’ உறுத்துவதில்லை, ஏனென்றால் சீதபேதி உறுப்பின் பெயர் இல்லை. என் பரிந்துரை: செவுளமீபா நோய்.

சிகிச்சைக்கு ‘நன்னீர்க் குளியல்’ போதும். சில மணி நேரம் உப்பில்லாத நீரில் விட்டால் சால்மன் தாங்கும், கடல் அமீபா தாங்காது.

———

> என் பரிந்துரை: செவுளமீபா நோய்.

சொற்களின் வரிசை சரி. ஆனால் சேர்த்து எழுதினால் ஏதோ அமீபா வகையின் பெயர் போலத் தெரிகிறது, ‘அமீபா’ என்று தேடுபவர் கண்ணிலும் படாது. ‘செவுள் அமீபா நோய்’ என்று பிரித்தே எழுதலாம்.

அப்புறம், செவுளில் திட்டு எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை போடுகிறார்களே, அதைப் பட்டியலில் ‘செவுள் மதிப்பெண்’ என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். சாகக் கிடக்கிற மீனுக்கு முழு மதிப்பெண்ணா? ‘செவுள் பாதிப்பு நிலை’ என்று மாற்றிவிடுகிறேன்.