புறநகரில் வீடு வாங்கும் முன் அந்த இடத்தைப் பற்றி எப்படி விசாரிப்பது?

புதுமனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் நகர எல்லைக்கு வெளியே வளர்ந்துவரும் குடியிருப்பு ஒன்றில் ஒரு தனி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். கட்டிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். வெளிச்சமும் காற்றும் நன்றாக இருக்கின்றன. பத்திரங்களைப் பார்த்த வழக்கறிஞர் வில்லங்கம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். இதுவரை இரண்டு முறை போய்ப் பார்த்தோம்; இரண்டு முறையும் ஞாயிற்றுக்கிழமை முற்பகல்.

ஆனாலும் சில விஷயங்கள் மனத்தை உறுத்துகின்றன. மாடியில் பிளக் பாயிண்டுகள் தரையிலிருந்து ஒன்றிரண்டு சாண் உயரத்தில் இருக்கின்றன. கீழ்த்தளத்திலோ எல்லாமே இடுப்புக்கு மேலே இருக்கின்றன. விற்பவரிடம் கேட்டதற்கு, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது என்று அப்படி வைத்ததாகச் சொன்னார். கூடத்துச் சுவரில் கீழ்ப்பாதி மட்டும் புதிதாக வண்ணம் பூசப்பட்டதுபோல் தெரிகிறது. தெருவில் நின்று பார்த்தால் வாசற்படி சாலையைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்கிறது. வீட்டின் பின்புறம் உள்ள வெற்று நிலத்தில் கோரையும் சம்பும் அடர்ந்து வளர்ந்திருக்கின்றன.

பத்திரத்தைப் பார்க்க வழக்கறிஞர் இருக்கிறார். இடத்தைப் பார்ப்பது யார்? நாங்களே செய்யக்கூடிய சோதனைகள் எவை, நிபுணரிடம் கொடுக்க வேண்டியவை எவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இது எங்கள் சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்கும் வீடு.

நிலவரைவு எழுதியது:

சகோதரி, உங்களை உறுத்தியவை எல்லாம் உறுத்த வேண்டியவைதான். கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்திருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் அவை. குழந்தைகளைப் பற்றிய விளக்கம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே குழந்தைகள் மாடிக்கும் போயிருப்பார்கள் அல்லவா? கோரையும் சம்பும் ஆண்டின் பெரும்பகுதி ஈரம் நிற்கும் மண்ணில்தான் அப்படி அடர்ந்து வளரும். ஆகவே அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நான் வரைபடங்களோடு வேலை செய்பவன். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்துவருகின்றன. அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம், 1984 முதலான லேண்ட்சாட் படங்களை அலசி, எங்கெங்கே தண்ணீர் நின்றது, எங்கே மறைந்தது என்று உலகம் முழுவதற்குமான வரைபடம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மனை இருக்கும் பகுதியை அதில் தேடிப் பாருங்கள். குளமோ சதுப்போ இருந்து பின்னர் மண் கொட்டி மேவப்பட்டிருந்தால் பல இடங்களில் அது தெரிந்துவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். உங்கள் மனை முழுவதும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். ஆகையால் வீட்டைத் தேடாமல் சுற்று வட்டாரத்தின் போக்கைப் பாருங்கள். மேலும் பெருமழை நாட்களில் வானம் மூடியிருக்கும். இவ்வகைச் செயற்கைக்கோள்களுக்கு மேகம்தான் தெரியும், கீழே நின்ற வெள்ளம் தெரியாது. 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் என்றாலும், நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் தண்ணீரை அவையும் தவறவிடக்கூடும். எனவே வரைபடத்தில் நீலம் இருந்தால் அதை நம்புங்கள். நீலம் இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

உயரத்தைக் காட்டும் இணைய வரைபடங்களிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றுள் பல, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் எடுத்த ரேடார் அளவுகளை அடிப்படையாகக் கொண்டவை. மர உச்சிகளும் கூரைகளும் அந்த அளவுகளில் கலந்திருக்கின்றன. பிழை சில மீட்டர்கள்கூட இருக்கும். உங்கள் பிரச்சினையோ அரை மீட்டரில் இருக்கிறது. நிலம் எந்தத் திசையில் சரிகிறது என்று மட்டும் அதில் பார்த்துக்கொண்டு, வாசற்படி, சாலை, வடிகால், பின்புற நிலம் ஆகியவற்றின் ஒப்பீட்டு உயரத்தை நேரில் அளந்துவிடுங்கள். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை நீட்டிக் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அதுவே போதும். ஒரு மணி நேர வேலைதான்.

நூறாண்டு வெள்ளம் என்று யாராவது சொன்னால், நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். 30 ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்ந்தால் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. இருபதாண்டு வெள்ளம் என்றால் அதே காலத்தில் 79 விழுக்காடு. மேட்டுப் பகுதியில் புதிய கட்டடங்களும் சாலைகளும் வந்து மண் மூடப்பட மூடப்பட, மழைநீர் ஊறாமல் ஓடி வருவது கூடும். பழைய கணக்குகள் அப்போது பொருந்தாமல் போகும்.

கடைசியாக, அக்கம்பக்கத்தாரிடம் விசாரியுங்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது.

கடைக்கால் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அஸ்திவாரங்களைச் சோதிப்பது என் தொழில். மேவிய குளத்தின் மேல் கட்டிய வீடு, கொட்டிய மண் சரியாக இறுக்கப்படாமல் இருந்தால், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமிழும். களிமண்ணாக இருந்தால் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கி, வீட்டை ஆண்டுதோறும் அசைத்துக்கொண்டே இருக்கும். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசல்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் கூர்ந்தும் இருக்கும் விரிசல்தான் அஸ்திவாரம் அசைந்திருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி. அதன் மேல் மைதீட்டியதுபோல் புதிய பூச்சு தெரிகிறதா என்று, சுவரோடு ஒட்டி டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்; நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் நிழலாக விழும். அறைக் கதவுகளைப் பாதியில் திறந்து கையை எடுத்துவிடுங்கள். பல கதவுகள் தாமாகவே ஒரே பக்கம் நகர்ந்தால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைக்காமல் மேற்கொண்டு பேச வேண்டாம்.

பள்ளத்தை எதைக் கொண்டு மேவினார்கள் என்பதும் முக்கியம். குப்பை கொட்டி மூடிய இடமென்றால் அது மட்கும்போது பல பத்தாண்டுகளுக்கு மீத்தேன் வந்துகொண்டிருக்கும். தரை விரிசல் வழியாக அது வீட்டுக்குள் நுழையலாம், காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்தால் தீப்பொறி பட்டாலே வெடிக்கும். தொழிற்சாலைக் கழிவு என்றால் இன்னும் மோசம். அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரின் லவ் கால்வாய்ப் பகுதியை நினைத்துப் பாருங்கள். வேதிக் கழிவுகளைப் புதைத்து மூடிய அந்த நிலம் 1953இல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் கைமாறியது. அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வாங்கியவர்களுள் பலருக்குத் தங்கள் காலடியில் என்ன இருந்தது என்றே தெரியாது. இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. முன்பு அங்கே என்ன தொழில் நடந்தது என்று நில அலுவலகப் பதிவுகளில் தேடுவது வீண்வேலை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மண்ணைத் துளையிட்டுச் சோதிப்பதற்கு ஆகும் செலவு, பின்னால் அஸ்திவாரத்தைத் திருத்த ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதை நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் தெரு எழுதியது:

நிலவரைவு ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன், அவருடைய கடைசி வரியைத் தவிர. அக்கம்பக்கத்து வீட்டு உரிமையாளர்கள் முழுவதையும் சொல்ல மாட்டார்கள். தெருவில் தண்ணீர் வரும் என்று சொன்னால் அவர்களுடைய வீட்டின் மதிப்பும் அல்லவா இறங்கும்? நான் வாங்குவதற்கு முன் மூன்று உரிமையாளர்களிடம் கேட்டேன்; மூவரும் நல்ல இடம் என்றார்கள். கேட்டிருக்க வேண்டியது வாடகைக்கு இருப்பவர்களை. தபால்காரர், மின்கம்பத்தில் வேலை பார்ப்பவர், பள்ளி வாகன ஓட்டுநர் ஆகியோரும் மறைக்கக் காரணம் இல்லாதவர்கள்.

எனக்கு நேர்ந்தது வெள்ளம் அல்ல, சாலை. என் வீட்டுக்கு எதிரே பரந்த வெளி இருந்தது. அந்தக் காட்சிக்காகவே வாங்கினேன். நான்காம் ஆண்டில் அங்கே புறவழிச் சாலை வந்தது. அந்தத் திட்டத்தின் வரைபடம், நான் முன்பணம் கொடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே திட்ட அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது என்று பின்னர்தான் தெரிந்தது. சாலை இரைச்சல் சராசரியாக 53 டெசிபலுக்குக் கீழும், விமான இரைச்சல் 45க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது. என் படுக்கையறைச் சன்னல் இப்போது திறக்கப்படுவதே இல்லை. ஆகையால் உங்கள் வீட்டின் பின்புற நிலம் யாருடையது, திட்ட வரைபடத்தில் அது எதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அவசியம் பாருங்கள்.

ஞாயிறு முற்பகல் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். வேலைநாள் காலை நெரிசலில் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை, நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒருமுறை போங்கள். குடியிருப்பிலிருந்து வெளியேற ஒரே வழிதான் என்றால், அந்த வழி மழையில் முழுகுமா என்றும் பாருங்கள். இன்னொன்று: கையெழுத்திடும் முன்பே காப்பீட்டு நிறுவனங்களிடம் அந்த முகவரிக்கு வெள்ளக் காப்பீட்டுக் கட்டணம் கேளுங்கள். வழக்கத்துக்கு மாறாக உயர்ந்த தொகையோ, மறுப்போ வந்தால், அது அந்த இடத்தைப் பற்றிய ஒரு கருத்துதான்.

புதுமனை எழுதியது:

மூவருக்கும் நன்றி. புதன்கிழமை மாலை மழைக்கு நடுவே போனோம். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் வடிகால் விளிம்புவரை நிரம்பி, அசையாமல் நின்றது. இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கும் அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் வீட்டு மின்மீட்டர்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பின்பலகையில், என் தொடை உயரத்தில், காய்ந்த வண்டல் ஒரு கோடாகப் படிந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்தது என்றார். விற்பவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முன்பணம் கொடுப்பதை நிறுத்திவைத்துவிட்டோம். அதே குடியிருப்பின் மேட்டுப் பக்கம் இன்னொரு வீடு விலைக்கு வருகிறதாம். அதையும் அந்த அம்மாதான் சொன்னார். திட்ட அலுவலகத்துக்கு நாளை போகிறேன். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் இருவருமாகப் போய் அந்தத் தெருவில் சற்று நேரம் நின்று பார்க்கப் போகிறோம்.