லாபின்கிர் ஏரியில் நிஜமாகவே ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டா?

நள்ளிரவு வாசகன்:
ரெண்டு நாளாக இதே நினைப்பு, அதனால் கேட்டே விடுகிறேன். ரஷ்யாவில் யாகுத்தியா பக்கம் (சாகா குடியரசு என்பதுதான் இப்போதைய பெயர்) ஒய்மியாக்கோன் மாவட்டத்தில் லாபின்கிர் என்று ஓர் ஏரி. நீளம் 14 கிலோமீட்டர் வாக்கில், அகலம் 4 இருக்கும், சராசரி ஆழமே 50 மீட்டரைத் தாண்டுகிறது, அடியில் ஒரு பிளவு இன்னும் கீழே போகிறது. ஒய்மியாக்கோன் எது என்று தெரிந்திருக்கும், 1933 பிப்ரவரியில் −67.7 டிகிரி பதிவான இடம். அங்கே இருக்கும் தோம்தோர் கிராமத்திலிருந்து இந்த ஏரிக்கு இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஒழுங்கான ரோடு கிடையாது.

அதில் ஒரு பூதம் இருக்கிறது என்பதுதான் கதை. ரஷ்யர்கள் வைத்த பேர் 'லாபின்கிர் சைத்தான்'. வேட்டைக்குப் போனவரின் நாய் தண்ணீரில் இறங்கியதாம், திரும்பி வரவில்லையாம், இந்த மாதிரி.

டைனோசர் என்று நம்பும் ஆள் இல்லை நான். ஆனால் ரெண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, சுற்றியுள்ள ஏரிகள் எல்லாம் உறைந்த பிறகும் இது மட்டும் உறையாமல் கிடக்குமாம். அடியில் ஏதாவது சூடு இருக்கிறதா? ரெண்டாவது, 1953 ஜூலையில் த்வெர்தோஹ்லெபோவ் என்ற நிலவியலாளர் பக்கத்து ஏரியான வொரோட்டாவில் ஏதோ பெரிய பிராணி நீந்துவதைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கூட இன்னொருவரும் இருந்தார். அடர்சாம்பல் நிறத் தலை, ரெண்டு பக்கமும் கண் மாதிரி வெளிறிய திட்டுகள், முதுகில் குச்சி போல ஏதோ நீட்டிக்கொண்டு இருந்தது, கடைசியில் தண்ணீரைச் சிதறடித்துவிட்டு மூழ்கிவிட்டது என்கிறார். படித்தவர், பிழைப்புக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாதவர். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நாலு டிகிரி:
முதல் கேள்விக்கு அடியில் அடுப்பு எதுவும் தேவையில்லை. தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு, 4 டிகிரியில்தான் அது மிகவும் கனமாக இருக்கும். இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்ந்தால் கனமாகிக் கீழே போகும், கீழே இருப்பது மேலே வரும், இப்படி ஏரி முழுவதும் புரண்டு புரண்டு 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேல்பரப்பு அதற்கும் கீழே குளிர்ந்து உறையத் தொடங்கும். ரெண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள ஏரிக்கு இதற்குச் சில நாள் போதும். 50 மீட்டருக்கு, கோடை முழுக்கச் சேர்த்து வைத்த வெப்பத்தை எல்லாம் காற்றுக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அங்கே குட்டி ஏரிகள்தான் அதிகம் என்பதால் ஆழமான ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கற்பனை செய்து பாருங்கள். காற்று −30, சுற்றிலும் எல்லாம் வெள்ளை, நடுவில் ஓர் ஏரி மட்டும் கறுப்பாகத் திறந்து கிடக்கிறது, அதிலிருந்து ஆவி எழும்புகிறது. ஏதோ மூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து கதை சொல்லாதவன் மனுஷனே இல்லை.

தூண்டில்காரன்:
மீன் பிடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். அந்த ஏரியில் பைக் மீனும் பர்பட் மீனும் உண்டு. ரஷ்யர்கள் பர்பட்டை 'நலிம்' என்பார்கள். காட் என்ற கடல்மீன் இனத்தில் நன்னீரிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும் ஒரே மீன் அதுதான், நம்ப மாட்டீர்கள், மற்ற மீன்கள் சோம்பிக் கிடக்கும் நடுக்குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் முட்டை போடும். ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. தட்டைத் தலை, பெரிய வாய், தாடையில் ஒற்றை மீசை, பார்க்கவே சகிக்காது. பைக் அதைவிட நீளமாகவும் வரும், வாத்தையே கீழே இழுத்துவிடும்.

இதில் சுவாரசியம் என்ன தெரியுமா? லாபின்கிர், வொரோட்டா ரெண்டுமே இருக்கும் பீடபூமிக்கு சொர்தோன்னோஹ் என்று பெயர். சாகா மொழியில் 'சொர்தோங்' என்றால் பைக் மீன். பைக் மீன் உள்ள இடம் என்று ஊர்க்காரர்களே பெயர் வைத்தாகிவிட்டது, நாம்தான் டைனோசர் தேடிக்கொண்டு இருக்கிறோம்.

நாயை முழுசாக விழுங்கும் அளவுக்கு மீன் இருக்குமா என்றால் இருக்காது. ஆனால் 2 டிகிரி தண்ணீரில் நாய் நீந்தப் போனால் அதைக் கொல்ல மீன் எதற்கு, குளிரே போதும்.

நள்ளிரவு வாசகன்:
அந்தப் பெயர் விஷயம் தெரியாது, நன்றி அண்ணே. சரி, நீரடியில் மூச்சு விட முடியாத பிராணி என்றால் குளிர்காலத்தில் என்ன செய்யும் என்று கேட்கத்தான் இருந்தேன், அதற்குள் ஞாபகம் வந்தது. அங்கே நடுக்குளிர்காலத்திலும் பனிக்கட்டியில் ஓரம் வழவழப்பான ஓட்டைகள் தெரியுமாம், 'சைத்தான் ஜன்னல்' என்கிறார்கள். அது சுவாசத் துளை என்று வைத்துக்கொண்டால்?

நாலு டிகிரி:
வைத்துக்கொள்ளலாம், ஆனால் துளை வைத்து வாழும் பிராணி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பைகால் ஏரியில் நெர்ப்பா சீல் இருக்கிறது, முழுக்க நன்னீர்ப் பிராணி. பனிக்கட்டி மூடியதும் ஆளுக்குச் சில துளைகள் வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டிச் சுரண்டித் திறந்தே வைத்திருக்கும். அதனால்தான் அதைப் பார்க்க யாரும் பூதவேட்டைக்குப் போக வேண்டியதில்லை, குளிர்காலம் முழுக்கத் தடயம் விட்டுக்கொண்டே இருக்கும். லாபின்கிரில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கிறார்கள், 2013 பிப்ரவரியில் ரஷ்ய முக்குளிப்பாளர்கள் உள்ளேயே இறங்கினார்கள். பெரிய நுரையீரல் ஒன்று அங்கே இருந்தால் இந்நேரம் மாட்டியிருக்கும்.

ஆண்டு முழுக்க மண் உறைந்தே கிடக்கும் உறைமண் பகுதியில் பெரிய ஏரிகளின் அடியில் மண் உறையாமல் இருக்கும், அதன் வழியாக நிலத்தடி ஊற்று மேலே வரலாம், சேற்றிலிருந்து வாயுவும் வரலாம். ரெண்டுமே பனிக்கட்டியைக் கீழிருந்து கரைத்து வழவழப்பான ஓட்டை போடும்.

கரையோரம்:
எல்லோரும் மிருகத்தைத் தேடுகிறீர்கள், கதையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

சாகா மக்கள் பெரிய ஆற்றையும் ஏரியையும் 'எபே' என்று அழைப்பார்கள். எபே என்றால் பாட்டி. பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் மரியாதைக்கு உறவு சொல்வது. மலை, மரம், நெருப்பு, தண்ணீர் எதற்கும் 'இச்சி' என்று ஓர் எஜமான ஆவி உண்டு, மீன் பிடிக்கப் போனால் முதலில் அதற்கு ஏதாவது படைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஏரியில் ஒருத்தர் இருக்கிறார் என்று அங்கத்துப் பெரியவர் சொன்னால் அது விலங்கியல் தகவல் கிடையாது. அங்கே மரியாதையாக நடந்துகொள் என்று அர்த்தம்.

அப்புறம் மாமூத் தந்தம், அதாவது எப்போதோ அழிந்துபோன சடை யானையின் தந்தம். சைபீரியாவில் ஆற்றங்கரை இடிந்தால் தந்தம் வெளியே வரும், உயிரோடு அந்தப் பிராணியை யாரும் பார்த்ததில்லை, ஆகவே மண்ணுக்கடியிலோ தண்ணீருக்கடியிலோ வாழும் கொம்புள்ள பெரிய மிருகம் என்று பல இனத்தாரும் நினைத்தார்கள். வசந்தத்தில் பனிக்கட்டியை உடைப்பதே அதுதான் என்றும் சொல்வார்கள். கையில் எலும்பு இருக்கும்போது அது மூடநம்பிக்கை மாதிரி எனக்குத் தோன்றவில்லை, நல்ல அனுமானம்தான்.

இதையெல்லாம் வெளியாட்கள் கேட்டு, ரஷ்யச் சொல்லில் சைத்தான் ஆக்கி, பத்திரிகையில் வந்தபோது கழுத்து முளைத்து, ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிப் பூதமான நெஸ்ஸிக்குத் தங்கச்சி ஆகிவிட்டது. பாவம், பாட்டி.

தூண்டில்காரன்:
தங்கச்சி இல்லை, பெரிய குடும்பம். ஸ்வீடனில் ஸ்தோர்ஷோன் ஏரியில் ஒன்று இருக்கிறது, 1986-இல் அதற்குச் சட்டப் பாதுகாப்பே கொடுத்தார்கள், முட்டையை எடுத்தால்கூட குற்றம். 2005-இல் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டார்கள். இருக்கிறதா என்று தெரியாத பிராணியின் முட்டைக்குச் சட்டம் எழுதிய அதிகாரியை ஒருநாள் சந்தித்துக் கை குலுக்க வேண்டும்.

சந்தேகப்பேர்வழி:
நிலவியலாளர் விஷயத்தை யாரும் தொடவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் படித்தவர் என்பதும் தூரத்தைச் சரியாகக் கணிப்பதும் வேறு வேறு. அசையாத தண்ணீரில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாதபோது, தூரத்தைக் கொஞ்சம் தப்பாக எடுத்தாலே அளவு இரண்டு மடங்காகிவிடும். மூஸ் மான் ஏரியைக் குறுக்கே நீந்திக் கடப்பது அந்தப் பகுதிக்குச் சாதாரணம், தலையும் முதுகுத் திமிலும் மட்டும் மேலே தெரியும், கொம்பு ஒரு கோணத்தில் குச்சி மாதிரிதான் இருக்கும். மூழ்கியது எப்படி என்றால் அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

நெஸ் ஏரியில் நீரை அள்ளி டிஎன்ஏ பார்த்து 2019-இல் முடிவு சொன்னார்கள், ஊர்வன எதுவும் இல்லை, விலாங்கு மீன் மட்டும் ஏராளம். லாபின்கிரிலும் அதையே செய்யலாம், சில பாட்டில் தண்ணீர் போதும்.

நள்ளிரவு வாசகன்:
மூஸ் மான் எனக்குத் தோன்றவே இல்லை, குச்சி விஷயம் அதில் சரியாக உட்காருகிறது. மூழ்கியதை மட்டும் இன்னும் விட முடியவில்லை, அது உறுத்திக்கொண்டே இருக்கட்டும். கரையோரம், அந்த இச்சி பற்றிப் படிக்கத் தமிழில் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சைத்தானைவிட பாட்டியைத்தான் இப்போது தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.